ஆர்டர் போடும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் போனை நீட்டி, "இதை வாங்கலாமா, கொஞ்சம் பாரேன்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பொருள் மாறுகிறது, கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம், எண்கள் எல்லாம் இந்தியாவில் வாங்குபவர்களுக்கானவை.

ஒரு பொருள் பிடித்துவிட்டது, விலையும் கட்டுப்படியாகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவர் யார் என்று பாருங்கள். பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் படிக்கிறோம், விற்பவர் பெயரை ஒரு நொடிகூடப் பார்ப்பதில்லை. நான் பார்த்த ஏமாற்றங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்கின.

பெரிய ஷாப்பிங் ஆப்களில் பெரும்பாலானவை கடை அல்ல, சந்தை. கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்த் தக்காளி வாங்கினால் அது கோயம்பேடு விற்ற தக்காளி ஆகாது, உள்ளே இருக்கும் ஒரு கடைக்காரர் விற்றது. ஆப்பிலும் அப்படித்தான். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் விற்பவர் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் அவருடைய பக்கம் திறக்கும். 2020 ஜூலையில் வந்த மின் வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் தயாரானது, புகாரைக் கவனிக்கும் அதிகாரி யார் என்ற விவரங்கள் வாங்குபவருக்குக் கிடைத்தாக வேண்டும். முகவரி இல்லாத விற்பவரிடம் நான் நூறு ரூபாய்ப் பொருள்கூட வாங்குவதில்லை.

அந்தப் பக்கத்தில் வேறு என்னென்ன விற்கிறார் என்றும் பாருங்கள். ஒரே ஆள் மிக்ஸி, குழந்தைச் சட்டை, கார் கவர், புரோட்டீன் பவுடர் எல்லாம் விற்றால், அவருக்கு மிக்ஸியைப் பற்றி எதுவும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ், டி.வி., போன் போன்ற பெரிய பொருளாக இருந்தால் இன்னொரு வேலை உண்டு. அந்த பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன் போட்டு, "இந்தப் பெயரில் உள்ள விற்பனையாளரிடம் வாங்கினால் உங்கள் வாரண்டி கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான். 'விற்பனையாளர் வாரண்டி' என்று மட்டும் போட்டிருந்தால், ரிப்பேர் வரும் நாளில் அந்தக் கடை இருந்தால்தான் வாரண்டியும் இருக்கும்.

80 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருக்கிறதே?

எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்ச விலை. அதைக் குறிப்பவர் தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோதான். யாரும் ஒருநாளும் 4,999 கொடுத்து வாங்காத இயர்போனுக்கு 4,999 என்று அச்சடித்து, அதை 999-க்குக் கொடுத்தால் 80 சதவீதம் தள்ளுபடி வந்துவிடும். கோடு போட்டு அடித்த விலையைப் பார்க்காதீர்கள். போன மாதம் இது என்ன விலைக்கு விற்றது என்பதுதான் கேள்வி. கீப்பா போன்ற விலை வரலாற்றுக் கருவிகள் அதை வரைபடமாகவே காட்டும். அதெல்லாம் வேண்டாம் என்றால், பொருளைக் கார்ட்டில் போட்டு விலையை ஒரு தாளில் குறித்து, பத்து நாள் விட்டுவிடுங்கள். பண்டிகை விற்பனையில் வாங்க நினைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே குறிக்கத் தொடங்குவது நல்லது.

அப்புறம், ஊர்க் கடையில் ஒரு முறை விலை கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். குறிப்பாக ஏ.சி. ஆன்லைன் விலையில் மாட்டும் கூலி, வெளி யூனிட்டுக்கான ஸ்டாண்டு, கூடுதல் காப்பர் பைப் ஆகியவை பெரும்பாலும் சேராது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் தெருமுனைக் கடைக்காரர் சொன்ன விலையே குறைவாக இருந்ததை இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ரிவியூக்களை நம்பலாமா?

படிக்கலாம், ஆனால் படிக்கும் முறை வேறு. நான்கரை ஸ்டார் என்ற சராசரி எண் எனக்கு எதுவும் சொல்வதில்லை. நான் முதலில் போவது இரண்டு, மூன்று ஸ்டார் கொடுத்தவர்களிடம். ஐந்து கொடுப்பவர் பார்சல் பிரித்த சந்தோஷத்தில் எழுதுகிறார். ஒன்று கொடுப்பவருக்குச் சில நேரம் கூரியர்காரர் மேல்தான் கோபம். மூன்று கொடுப்பவர் பொருளைப் பயன்படுத்தியவர். "மோட்டார் நல்லா இருக்கு, ஆனா சின்ன ஜார் மூடி ஒழுகுது" என்று எழுதுவார். வாங்குபவருக்கு வேண்டிய தகவல் அதுதான்.

புதியவை மேலே வரும்படி அடுக்கிப் படியுங்கள். ஒரு வருடம் முன்பு நன்றாக இருந்த பொருளின் தரத்தை இப்போது இறக்கியிருக்கலாம். வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், கடைக்காரர் படத்தை அல்ல. சில நேரம் தண்ணீர்ப் பாட்டில் பக்கத்தில் செருப்பைப் பற்றிய ரிவியூ கிடக்கும். பழைய பொருளின் ஸ்டார்களை வைத்துக்கொண்டு அதே பக்கத்தில் புதிய பொருளை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே நிற்க வேண்டாம்.

பார்சலுக்குள் "ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய்" என்று சீட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. ரிவியூக்களுக்கென்று 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அதில் பணம் கொடுத்து எழுத வைப்பது தவறு. ஆனால் அதைப் பின்பற்றுவது கட்டாயம் ஆக்கப்படாமல்தான் வந்தது. அந்தச் சீட்டு உங்கள் பார்சலில் வந்தால், அடுத்து வாங்குபவரை நினைத்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

'காஞ்சிபுரம் சாஃப்ட் சில்க்', 1,299 ரூபாய். எடுக்கலாமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. புடவையாக எடுக்கலாம், பட்டு என்று நினைத்து எடுக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். நல்ல காஞ்சிபுரம் பட்டு கையில் எடுத்தால் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். பட்டு நூல் கிலோ பல ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் சாயம், ஜரிகை, தறியில் உட்கார்ந்த நெசவாளரின் பல நாள் கூலி. 1,299 ரூபாய்க்கு நூல் விலையே கட்டாது.

எங்கள் அத்தை போன வருடம் இப்படி ஒன்று வாங்கினார். படத்தில் அரக்குச் சிவப்பு, அகலக் கரை, பார்த்தால் கல்யாணப் புடவை. வந்ததும் மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு இருக்கு, ஆனா மனசு ஒப்பலை" என்றார். முந்தானை ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஒரு நூலை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினோம். எரியவில்லை, சுருண்டு உருகியது. பிளாஸ்டிக் வாடை. ஆறியதும் நுனியில் கடுகு போல ஒரு கறுப்பு உருண்டை, நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. பாலியெஸ்டர். அசல் பட்டு என்றால் மெதுவாகக் கருகும், முடி தீய்ந்த வாடை வரும், சாம்பல் விரலிடையில் பொடியாகிவிடும். ரேயான் என்றால் காகிதம் எரிகிற மாதிரி எரியும்.

நூலை எரித்துப் பார்ப்பது வாங்கிய பின். வாங்கும் முன் பார்க்க வேண்டியது வார்த்தைகளை. 'ஆர்ட் சில்க்', 'சில்க் பிளெண்ட்', 'லிச்சி சில்க்', 'காஞ்சிபுரம் ஸ்டைல்', 'காஞ்சி பார்டர்' போன்ற பெயர்களைப் பார்த்துப் பட்டு என்று எண்ணிவிடக்கூடாது. தலைப்பில் பட்டு என்று இருந்தாலும், கீழே விவரப் பட்டியலில் 'துணி வகை' என்ற இடத்துக்கு இறங்கிப் போங்கள். பெரும்பாலும் அங்கே உண்மை எழுதியிருக்கும்.

மத்தியப் பட்டு வாரியம் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை 2004 முதல் இருக்கிறது. லேபிளில் தனி எண் இருக்கும். அது சொல்வது ஒன்றுதான்: இது இயற்கைப் பட்டு. காஞ்சிபுரத்தில் நெய்ததா, கைத்தறியா, ஜரிகை அசலா என்பதை அது சொல்லாது. கைத்தறிக்குத் தனியாக ஹேண்ட்லூம் மார்க் உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஜரிகையை நேராகக் கேளுங்கள்: "வெள்ளி இழையில் செய்த அசல் ஜரிகையா, வெள்ளி குறைந்த ஹாஃப் ஃபைனா, செம்பு இழையில் செய்த டெஸ்டடா?" கேட்டவுடன் பதில் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். புடவையின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோர்வை என்பது உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து இணைக்கும் முறை; அப்படி நெய்த புடவையில் இரண்டும் சேரும் கோடு உள்பக்கத்தில் தெரியும். நீளம், பிளவுஸ் துணி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டுதான் வேண்டும், கடைக்குப் போக முடியவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கோ-ஆப்டெக்ஸ். 1935-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், அவர்களுக்கே ஆன்லைன் விற்பனை உண்டு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமும் விசாரிக்கலாம்.

பிரஷர் குக்கர், ஹெல்மெட், அயர்ன் பாக்ஸ் மாதிரி பொருளுக்குத் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. இவை வெடித்தாலோ உடைந்தாலோ போவது பணம் மட்டும் இல்லை. பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம், அதற்கான தரம் ஐ.எஸ். 2347. முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் பெரிய ஆன்லைன் தளங்கள் மீதே தலா 1 லட்சம் ரூபாய் அபராத உத்தரவு போட்டது. பெரிய தளம் என்பதால் சோதித்துத்தான் விற்பார்கள் என்ற நம்பிக்கை வேண்டாம்.

படத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மட்டும் போதாது. முத்திரைக்கு மேல் தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். ஒவ்வொரு தங்க நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண்ணையும் அதே ஆப்பில் சரிபார்க்கலாம். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஹால்மார்க் நகை அந்த எண்ணோடுதான் விற்கப்பட வேண்டும்.

உணவுப் பொருளுக்கு?

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். கைக்கு வரும்போது காலாவதிக்குக் குறைந்தது 45 நாளோ, மொத்த ஆயுளில் 30 சதவீதமோ மிச்சம் இருக்க வேண்டும் என்பது அந்த ஆணையம் ஆன்லைன் விற்பனையாளர்களுக்குச் சொல்லியிருப்பது. பிரித்ததும் தேதியைப் படியுங்கள்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளது", "ஆஃபர் முடிய 9 நிமிடம்" என்று ஓடுகிறது. பதற்றமாகிவிடுகிறது.

பதற்றப்பட வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். பக்கத்தை மூடிவிட்டு நாளைக்குத் திறந்து பாருங்கள், பல நேரம் அதே கடிகாரம் மறுபடி ஓடும். இல்லாத அவசரத்தை உண்டாக்குவது 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டு விதிகளில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் முதலாவது. கேட்காமலே கார்ட்டில் இன்சூரன்ஸ், நன்கொடை என்று சேர்த்துவிடுவது, கடைசித் திரையில் புதுக் கட்டணம் முளைப்பது, "வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சம் பிடிக்கத் தெரியாது" என்ற பட்டனை அழுத்த வைத்து வெட்கப்படுத்துவது ஆகியவையும் அதில் உண்டு. பணம் கட்டும் முன் கடைசித் திரையை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். படிக்கும்போது தேவையில்லாத 29 ரூபாய் காதில் விழுந்துவிடும்.

நோ-காஸ்ட் இ.எம்.ஐ. என்றால் நிஜமாகவே வட்டி இல்லையா?

வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்துச் சமன் செய்கிறார்கள். ஒரு போன் 18,000, ஆறு மாதம், மாதம் 3,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கி வட்டி வருடம் 15 சதவீதம் என்றால் கடனாகப் போவது சுமார் 17,240, வட்டி சுமார் 760. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 137 ரூபாய், உங்கள் கணக்கில் ஏறும். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக 370 ரூபாய்க்கு மேல் கூடுதல். அதோடு, முழுப் பணம் கட்டினால் கிடைத்திருக்கும் கார்டு தள்ளுபடி இ.எம்.ஐ.-க்கு உண்டா என்று பாருங்கள். பணம் கையில் இல்லாதபோது இது உதவிதான், இலவசம் இல்லை.

இன்ஸ்டாகிராமில் ஒரு கடை. அழகான வீடியோ, நல்ல விலை. பணம் அனுப்பலாமா?

வீட்டிலிருந்தே நேர்மையாகத் தொழில் செய்கிற எத்தனையோ பெண்கள் அங்கே இருக்கிறார்கள், நானே வாங்கியிருக்கிறேன். அதனால் ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் கமெண்ட் பகுதியை அடைத்து வைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். வீடியோ கால் கேளுங்கள், அல்லது இன்றைய தேதி எழுதிய தாளோடு பொருளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கடையில் நிஜமாகப் பொருள் வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. யு.பி.ஐ.-யில் பணம் அனுப்பும்போது வரும் பெயர் கடைக்கோ உரிமையாளருக்கோ சம்பந்தமே இல்லாமல் இருந்தால் அனுப்பாதீர்கள். முதல் ஆர்டர் சின்னதாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. "ரீஃபண்ட் போடுறோம், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றால் உங்கள் பணம்தான் போகும்.

தீபாவளிக்கு சிவகாசிப் பட்டாசு பாதி விலையில் ஆன்லைனில் வருகிறதே?

வேண்டாம். ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்றே தடை போட்டுவிட்டது. ஒவ்வொரு வருடமும் தீபாவளி நெருங்கும்போது போலி இணையதளங்கள் முளைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகின்றன. தமிழகக் காவல்துறையும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

ரிட்டர்ன் உண்டு என்று போட்டிருந்தால் போதும்தானே?

'ரிட்டர்ன்' வேறு, 'ரீப்ளேஸ்மெண்ட்' வேறு. முதலாவதில் பணம் திரும்பும். இரண்டாவதில் அதே பொருள் வேறொன்று வரும், பிடிக்கவில்லை என்றாலும் அதுதான். ஏழு நாள் என்றால் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. அக்கா கல்யாணத்துக்கென்று வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் கெடு முடிந்துவிடும். வாங்கும் முன்பே இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பொருளின் பக்கத்தையும் சேர்த்து. பிறகு பக்கம் மாறிவிட்டால் சாட்சி அதுதான்.

"ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டிருந்தாலும், பழுதான, போலியான, சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. 2020 விதிகளில் இது தெளிவாக இருக்கிறது.

பார்சல் வரும்போது என்ன செய்ய வேண்டும்?

பிரிக்கும் முன்பே வீடியோவை ஓட விடுங்கள். முதலில் முகவரிச் சீட்டு, பிறகு நான்கு பக்க டேப், பிறகு பிரிப்பது, வெட்டாமல் ஒரே ஓட்டமாக. விலை உயர்ந்த பொருளுக்கு 'ஓப்பன் பாக்ஸ்' டெலிவரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் ஓ.டி.பி. சொல்ல வேண்டும். நீங்கள் ஆர்டர் போடாத கேஷ் ஆன் டெலிவரி பார்சல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் யாராவது போட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கொடுப்பவர்களை நம்பித்தான் அவை வருகின்றன.

எல்லாம் பார்த்தும் ஏமாந்துவிட்டேன். யாரிடம் போவது?

முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம், எழுத்தில். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் ஒரு முறை அங்கே பதிவு செய்தேன். மூன்று வாரமாக "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்த விற்பவர், அந்தப் புகார் எண்ணைச் சொன்ன நான்காம் நாள் பணத்தைத் திருப்பினார்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள். ஆன்லைனிலும் தாக்கல் செய்ய வழி இருக்கிறது.

போலித் தளத்தில் பணம் போய்விட்டது என்றால் கதை வேறு. அப்போது ஒரு நிமிடமும் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைத்தால்தான் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. ஏமாற்றியவர்தான் வெட்கப்பட வேண்டும்.

அட்டைப்பெட்டியை எப்போது தூக்கிப் போடலாம்?

ரிட்டர்ன் கெடு முடியும் வரை பெட்டி, தெர்மோகோல், டேக் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பில்லை டவுன்லோடு செய்து, சீரியல் எண்ணோடு ஒரு படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். அச்சடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துப் போகலாம். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன், உங்கள் பெயரும் போன் நம்பரும் உள்ள முகவரிச் சீட்டைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.